அண்ணாச்சி கடைப் பவள பற்பம்

திருநெல்வேலி டவுனில் நெல்லையப்பர் கோயிலைச் சுற்றியுள்ள ரத வீதிகளில் நாட்டு மருந்துக் கடைகளுக்குக் குறைவில்லை. நான் எழுத வந்தது ரத வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மூன்று படி ஏறிப் போகும் சின்னக் கடையையும், அங்கே வாங்கிய பவள பற்பத்தையும் பற்றி. பற்பம் என்றால் சுட்டுச் சாம்பலாக்கிய வெள்ளைப் பொடி மருந்து. பெயர் போட வேண்டாம் என்று கடைக்காரரே கேட்டுக்கொண்டார். "கூட்டம் வந்தா நிதானமா நிறுத்துக் குடுக்க முடியாது டீச்சர்" என்றார். அதனால் அண்ணாச்சி கடை என்றே சொல்கிறேன். டவுன்காரர்களுக்கு இடம் புரிந்துவிடும்.

அவர் என்னை டீச்சர் என்று கூப்பிட்டாலும் நான் பாடம் நடத்தியவள் இல்லை. பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் வேதியியல் ஆய்வக உதவியாளராக 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வெள்ளையாக ஒரு பொடியைப் பார்த்தால் இது என்ன உப்பு, அமிலம் விட்டால் பொங்குமா என்று யோசிப்பது எனக்குப் பழகிப்போனது. ரத்தினக் கற்களை மருந்தாகக் கொடுக்கிற விஷயத்தில் அந்தப் பழக்கம் ரொம்ப உதவியது.

போன ஐப்பசி மழையில் அம்மாவுக்கு இருமல் பிடித்தது. அம்மாவுக்கு 82 வயது. பகலில் சமாளித்துவிடுவாள். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்தால் விடிகிற வரை இருமல்தான். எக்ஸ்ரே எடுத்தோம், சளியைச் சோதித்தோம், காசநோய் இல்லை. மூச்சுக்குழாய் சுருங்குகிறது என்று சொல்லி ஆங்கில மருத்துவர் இன்ஹேலர் கொடுத்தார். அது வேலை செய்தது. ஆனாலும் மிச்சமாக ஒரு இருமல் ஒட்டிக்கொண்டே இருந்தது. அம்மாவுக்கோ சித்த மருந்தின் மேல்தான் நம்பிக்கை. பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964இல் வந்தது. அது வந்த நாளிலிருந்து எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவராவது அங்கே சீட்டுப் போட்டு மருந்து வாங்கியிருப்பார்கள்.

அந்தக் கல்லூரியில் படித்துவிட்டுத் தனியாக வைத்தியம் பார்க்கும் ஒரு மருத்துவரிடம் அம்மாவைக் கூட்டிப்போனேன். நாடி பார்த்தார், நாக்கைப் பார்த்தார், எக்ஸ்ரேயையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஆடாதோடை மணப்பாகு, தாளிசாதி சூரணம், பவள பற்பம் மூன்றையும் எழுதினார். பற்பம் 100 மில்லிகிராம், காலையும் இரவும், தேனில் குழைத்து. எழுதி முடித்த பிறகு அவர் கேட்டவைதான் எனக்குப் பிடித்தன. கிட்னியில் கல் வந்திருக்கிறதா? வேறு என்ன மாத்திரை ஓடுகிறது? அம்மா காலையில் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை போடுகிறாள் என்றதும், "அதுக்கும் பற்பத்துக்கும் நாலு மணி நேரம் இடைவெளி விடுங்க. இது சுண்ணாம்புச் சத்து, அந்த மாத்திரையை உடம்புல சேரவிடாது" என்றார். இன்ஹேலரை நிறுத்தக் கூடாது என்று இரண்டு தடவை சொன்னார்.

கடைக்குப் போகும் முன்னால் இன்னொரு கதையைச் சொல்ல வேண்டும். அது நடக்காமல் இருந்திருந்தால் நான் இவ்வளவு விசாரித்திருக்க மாட்டேன்.

வைத்தியரைப் பார்ப்பதற்குச் சில நாள் முந்தி, சொந்தக்காரப் பெண் ஒருத்தி சொன்னாள் என்று ஒரு ராசிக்கல் கடைக்குப் போனேன். எந்தக் கடை, எந்த ஊர் என்று சொல்லவில்லை. பவளத்தை மோதிர விரலில் போட்டால் நெஞ்சுச் சளி கரையும் என்றார் அங்கே இருந்தவர். ராத்திரி ஒரு தம்ளர் தண்ணீரில் மோதிரத்தைப் போட்டு வைத்துக் காலையில் அந்தத் தண்ணீரைக் குடித்தால் சர்க்கரையும் இறங்கும் என்றார். அம்மா இருமுவதை மூன்று வாரம் தூங்காமல் கேட்டுக்கொண்டிருந்தவள் நான். 4,500 ரூபாய் கொடுத்து வெள்ளி மோதிரத்தில் பவளம் வாங்கினேன். நாலாம் நாள் மோதிரம் கிடந்த தம்ளரின் அடியில் ரோஜா நிறத்தில் ஒரு வளையம் தெரிந்தது. பேத்தியின் நகப்பூச்சு அழிக்கிற திரவத்தைப் பஞ்சில் தொட்டுக் கல்லைத் துடைத்தேன். பஞ்சு சிவந்தது. சாயம் ஏற்றிய கல். அந்தத் தண்ணீரை அம்மா மூன்று நாள் குடித்திருந்தாள். திருப்பிக் கொண்டுபோனால், "வித்ததைத் திரும்ப எடுக்கிறதில்ல" என்றார்கள்.

சர்க்கரை நோயை இந்தப் பொருள் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதே 1954ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டப்படி குற்றம். தாயத்து, மந்திரம், கவசம் எல்லாம் அந்தச் சட்டத்தில் பெயர் சொல்லியே வருகின்றன. எனக்கு இது பிறகுதான் தெரிந்தது. தெரிந்தவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள்.

சரி, அண்ணாச்சி கடை.

படி ஏறும்போதே வசம்பும் சாம்பிராணியும் சுக்கும் கலந்த வாசனை முகத்தில் வந்து மோதும். இடது பக்கச் சுவர் முழுக்கச் சின்னச் சின்ன மர இழுப்பறைகள். ஒவ்வொன்றிலும் அவருடைய அப்பா கையால் எழுதி ஒட்டிய சீட்டு: கோஷ்டம், கடுக்காய்ப்பூ, சித்தரத்தை, திப்பிலி, வால்மிளகு. பாதிச் சீட்டில் மை மங்கிவிட்டது, அவருக்குப் படிக்கவே தேவையில்லை. வலது பக்கம் கண்ணாடி அலமாரி. அதில்தான் பற்பம், செந்தூரம் எல்லாம் மூடி முத்திரை போட்ட டப்பாவில் இருக்கின்றன. நடுவில் மேசை மேல் அப்பா காலத்துக் கல்வம், கறுப்புக் கல்லில் படகு மாதிரி குடைந்தது. இப்போது அதில் ஒன்றும் அரைப்பதில்லை, சில்லறை போட்டு வைத்திருக்கிறார்.

"பவள பற்பம் வேணும் அண்ணாச்சி. முத்து பற்பமும் ஒரு டப்பா குடுங்க" என்றேன். முத்து என்றால் இன்னும் நல்லதாக இருக்கும் என்று நானாகச் சேர்த்துக்கொண்டது அது.

"சீட்டு இருக்கா டீச்சர்?"

கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுப் படித்தார். "பவளம்னுதானே எழுதிருக்காரு. முத்து எதுக்கு? அது பவளத்தை விடப் பல மடங்கு வெல. வைத்தியர் எழுதாம வாங்கி ரூவாயக் கரியாக்காதீய" என்று சீட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

விற்க வந்தவர் வேண்டாம் என்கிறாரே என்று எனக்கு அங்கேயே மனசு நின்றுவிட்டது. மோதிரக் கதையைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. உள்ளே போய் ஒரு பித்தளைத் தட்டும், பூதக்கண்ணாடியும், இரண்டு துணிப் பையும் எடுத்து வந்தார். லைசென்ஸ் வைத்து மருந்து செய்கிற வைத்தியர்கள் சிலருக்கு இவர்தான் கச்சாப் பொருள் வாங்கிக் கொடுக்கிறாராம்.

முதல் பையில் பவளம். மோதிரக் கல்லைப் போல வழுவழுப்பாக, உருண்டையாக இல்லை. விரல் நீளத்தில் ஒடிந்த கிளைகள், மங்கிய சிவப்பு, பல்லி வால் மாதிரி நுனி மெலிந்து. பூதக்கண்ணாடியில் பார்த்தால் கிளையின் நீளவாக்கில் மெல்லிய கோடுகள், தலைமுடியை வாரிவிட்டதைப் போல. "இந்தக் கோடு இருக்கா பாருங்க. சாயம் போட்டதுல கோட்டுக்குள்ள மட்டும் நிறம் கூடுதலா தேங்கி நிக்கும். இதுல ஒரே சீரா இருக்கும்" என்றார். கிளையை ஒடித்துக் காட்டினார். உள்ளேயும் அதே சிவப்பு. இது மத்தியதரைக் கடல் பக்கத்துச் சரக்கு. நம் மன்னார் வளைகுடாவில் இருப்பது வேறு பவளம், பாறையாகப் படர்வது. 21 தீவுகளும் சேர்ந்து 1986இல் கடல்வாழ் தேசியப் பூங்காவாயின. அந்தப் பவளப்பாறைகள் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. "யாராவது ராமேஸ்வரத்துப் பவளம்னு கொண்டாந்து குடுத்தா வாங்கவே செய்யாதீய. செயில்ல போடுவான்" என்றார்.

இரண்டாவது பையை அவர் பிரித்ததும் நான் கொஞ்ச நேரம் பேசவில்லை. கடுகு அளவில், அதை விடச் சின்னதாக, கோணலும் மாணலுமாக முத்துகள். ஒரு பிடி இருக்கும். மாலை கோக்க உதவாதவை. எங்கள் பக்கத்து முத்து வியாபாரத்தில் முதல் தரத்துக்கு ஆணிமுத்து என்று பெயர், கடைசித் தரத்துக்குத் தூள். அந்தத் தூள்தான் மருந்துக்குப் போகும்.

எனக்கு அது கேட்ட பெயர். தாத்தா தூத்துக்குடியில் ஒரு கடையில் கணக்கு எழுதினார். 1961இல் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தபோது அங்கே இருந்தார். தூத்துக்குடி தனி மாவட்டமாகப் பிரிந்தது 1986இல்தானே, அப்போதெல்லாம் அதுவும் திருநெல்வேலிச் சீமைதான். ஊருக்கு வரும்போது ஒரு பட்டுத்துணி முடிச்சில் கால் ரூபாய் அகலத்துக்குத் தூள் முத்து கொண்டுவந்தாராம். ஆச்சி அதை வைத்தியரிடம் கொடுத்துப் பற்பமாக்கி வாங்கி, உஷ்ணத்துக்கும் கண் எரிச்சலுக்கும் வெண்ணெயில் வைத்துச் சாப்பிட்டாள் என்று அம்மா சொல்வாள். கொற்கையில் பாண்டியர் காலத்து முத்து என்று புத்தகத்தில் படித்தபோது எனக்கு அது பெரிய விஷயமாகத் தெரிந்ததில்லை. அந்தப் பித்தளைத் தட்டில் விரலால் அளைந்தபோதுதான் தெரிந்தது. குளிர்ச்சியாக, பச்சரிசிக் குருணை மாதிரி இருந்தது.

இது சாம்பலாகிற கதையை அண்ணாச்சியே சொன்னார். அப்பா செய்வதைச் சின்ன வயதில் கூட இருந்து பார்த்தவர். முதலில் சுத்தி. கல்லைத் துணியில் கிழி கட்டி, பானைக்குள் சாற்றில் படுகிற மாதிரி தொங்கவிட்டு எரிப்பார்கள், அதற்குத் துலாயந்திரம் என்று பெயர். பிறகு கல்வத்தில் இட்டு இடித்து, மூலிகைச் சாறு விட்டு அரைப்பது. முத்துக்குத் தாய்ப்பால் விட்டு அரைக்கிற முறையும் உண்டு. ஒரு சாமம், இரண்டு சாமம் என்று கை ஓயாமல் அரைக்க வேண்டும். சாமம் என்றால் மூன்று மணி நேரம். வில்லை தட்டிக் காயவைத்து, ஓட்டுச் சில்லில் அடுக்கி, மேலே இன்னொரு அகலால் மூடி, விளிம்பைச் சீலைமண் (மண் தோய்த்த துணி) சுற்றி அடைத்து, வறட்டி அடுக்கிப் புடம் போடுவது. எத்தனை வறட்டி என்பதுதான் கணக்கு. ஒன்று வைத்தால் காடைப்புடம், மூன்று கவுதாரிப்புடம், பத்து குக்குடப்புடம், ஐம்பது வராகப்புடம். பறவையும் மிருகமுமாகப் பெயர் வைத்துத் தீயை அளந்திருக்கிறார்கள், தெர்மாமீட்டர் இல்லாத காலத்தில்.

ஆயுர்வேதத்தில் பிஷ்டி என்று இன்னொரு முறை இருக்கிறது. தீயே கிடையாது, பன்னீர் விட்டு நாள் கணக்கில் அரைத்தே மாவாக்கிவிடுவார்கள். அந்த டப்பாவும் அலமாரியில் இருந்தது. யூனானிக்காரர்கள் முத்தைச் சேர்த்துச் செய்கிற கமீரா மர்வாரீத் கூட வைத்திருக்கிறார், மேலப்பாளையத்திலிருந்து வந்து வாங்கிப்போவார்களாம்.

தீயைப் பற்றி எனக்குத் தெரிந்ததை நானும் சொன்னேன். முத்து, பவளம், சங்கு, சிப்பி எல்லாமே அடிப்படையில் கால்சியம் கார்பனேட். ஏறக்குறைய 850, 900 டிகிரிக்கு மேல் போனால் அது உடைந்து சுட்ட சுண்ணாம்பாகிவிடும், வாயை வெந்துபோக வைக்கும். "ஆமா, அதுக்குத்தான் வறட்டியை எண்ணி வைக்கிறது. தீ கூடுனா பற்பம் சுண்ணமாயிரும்" என்றார். ஒரே விஷயத்தை நான் ஒரு பாஷையிலும் அவர் ஒரு பாஷையிலும் பேசிக்கொண்டிருந்தோம்.

அப்புறம் டப்பாவைத் திறந்து காட்டச் சொன்னேன். விற்பதற்கு இல்லாமல், காட்டுவதற்கென்றே டப்பா ஒன்று வைத்திருக்கிறார். வெள்ளை, லேசான சாம்பல் சாயல், பவளத்தின் சிவப்பில் மிச்சம் எதுவும் இல்லை. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தேய்த்துவிட்டு விரலைக் காட்டினார். ரேகையின் பள்ளத்துக்குள் எல்லாம் பொடி இறங்கியிருந்தது, கைரேகை எடுத்த மாதிரி. ஒரு தம்ளர் தண்ணீரில் மேலாகத் தூவினார். மிதந்தது. அந்தப் படலத்தின் மேல் ஒரு நெல்லை மெதுவாக வைத்தார். நெல்லும் நின்றது. நாக்கில் வைத்தால் சுவை இருக்கக் கூடாது, வெயிலில் பிடித்தால் மினுக்கக் கூடாது. இதெல்லாம் பழைய பரிசோதனைகள், பார்க்க அழகாக இருந்தன. பொடி எவ்வளவு நைசாக இருக்கிறது என்பதை இவை சரியாகச் சொல்லிவிடும். பொடி பவளமா வேறு ஏதாவதா என்பதைச் சொல்லாது. அதை அண்ணாச்சியும் ஒப்புக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் நானும் சோதித்தேன். ஒரு சிட்டிகையில் எலுமிச்சைச் சாறு விட்டேன், புசுபுசுவென்று பொங்கியது. கார்பனேட் என்பது உறுதி. பள்ளிக்கூடச் சாக்பீஸ் ஜிப்சத்தில் செய்தது, அது பொங்காது. ஆனால் முட்டை ஓடும் கிளிஞ்சலும் இதே மாதிரி பொங்கும். அடுத்ததாக மஞ்சள் தூளைத் தண்ணீரில் குழைத்து இரண்டு இடத்தில் பூசி, ஒன்றில் பற்பமும் இன்னொன்றில் அம்மாவின் வெற்றிலைச் சுண்ணாம்பும் வைத்தேன். சுண்ணாம்பு வைத்த இடம் ஆரத்தி கரைத்த மாதிரி உடனே ரத்தச் சிவப்பாகிவிட்டது. பற்பம் வைத்த இடம் ஓரத்தில் மட்டும் லேசாகப் பழுப்பேறியது. தீ மிஞ்சிப்போய்ச் சுண்ணாம்பாகிவிடவில்லை என்று மனசு நிம்மதியானது.

ஆக, கல் பொடியாகிற வரைக்கும்தான் நம் கண்ணுக்கு வேலை. சாம்பலான பிறகு முத்து எது, சிப்பி எது என்று வீட்டில் வைத்து யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. நாம் நம்புவது செய்தவர் கையையும் விற்றவர் வாயையும்தான். எனக்கு இந்தக் கடை பிடித்துப்போனதற்குக் காரணம் இதுவே. முத்துக்கும் சிப்பிக்கும் இருக்கிற விலை வித்தியாசத்தில் ஒருவர் ஏமாற்ற நினைத்தால் இதை விட வசதியான வியாபாரம் கிடையாது. அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு அவர் முத்து வேண்டாம் என்கிறார். என்னைக் கேட்டால், தீயில் போட்ட பிறகு இரண்டும் அதே சுண்ணாம்புச் சத்துதான், மருத்துவர் எழுதாமல் முத்துக்குப் பணம் கொட்ட வேண்டியதில்லை.

மற்ற ரத்தினங்களைப் பற்றியும் கேட்டேன். சித்த மருத்துவத்தில் நவமணிகளையும் மருந்தாகச் சொல்லியிருக்கிறார்கள், வைரத்தில்கூடப் பற்பம் உண்டு. "அது எதுவும் நம்ம கடையில கெடையாது டீச்சர். கேட்டு வாரவங்களுக்கும் இல்லன்னுதான் சொல்லுதேன்" என்றார். எனக்கு அது சரியாகவே பட்டது. முத்தும் பவளமும் கடலில் உயிர்கள் கட்டியவை, மென்மையானவை, வயிற்று அமிலத்தில் கரைபவை. மாணிக்கமும் நீலமும் அலுமினியம் ஆக்ஸைடு, கடினத்தில் வைரத்துக்கு அடுத்த படி, அமிலத்துக்கு அசையாதவை. மரகதத்தில் பெரிலியம் இருக்கிறது. அந்தத் தூள் மூச்சில் போனால் நுரையீரலுக்கு ஆபத்து வரலாம். வீட்டில் கிடக்கிற பழைய கம்மல் கல்லை இடித்துப் பார்க்கலாமா என்று யாராவது கேட்டால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள்.

இப்போது பொருளைப் பற்றி. நான் வாங்கியது பத்து கிராம் டப்பா, 260 ரூபாய். ஒரு நாளைக்கு 200 மில்லிகிராம் என்றால் ஐம்பது நாளைக்கு வரும். உற்பத்தியாளர் உரிம எண், தொகுதி எண், செய்த தேதி, காலாவதித் தேதி எல்லாம் அச்சில் இருந்தன. பற்பத்துக்கு நூறு வருடம் ஆயுசு, சூரணத்துக்கு மூன்று மாதம் என்று பெரியவர்கள் கணக்கு. ஆனாலும் லேபிளில் தேதி தாண்டினால் அண்ணாச்சி எடுத்து ஓரம் வைத்துவிடுகிறார். தொகுதி எண் விஷயத்தில் நான் பிடிவாதக்காரி. 2008இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. இணையத்தில் விற்ற ஆயுர்வேத மருந்துகள் 193ஐ வாங்கிச் சோதித்ததில், ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. அதில் அமெரிக்காவில் செய்தவையும் இருந்தன, இந்தியாவில் செய்தவையும் இருந்தன. ஆகவே யார் செய்தது, எப்போது செய்தது என்று தெரியாத பொடியை அம்மா வாயில் வைக்க எனக்கு மனசு வராது.

இதே காரணத்துக்காகக் கடையில் எனக்கு ஒரு குறை உண்டு. கையில் காசு குறைவாக வருகிறவர்களுக்குப் பெரிய டப்பாவிலிருந்து ஒரு கிராம், இரண்டு கிராம் என்று நிறுத்துப் பொட்டலம் கட்டிக் கொடுக்கிறார். நல்ல மனசோடுதான் செய்கிறார், எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பொட்டலத்தில் தொகுதி எண்ணும் இல்லை, தேதியும் இல்லை. வீட்டில் நாலு பொட்டலம் சேர்ந்தால் எது பவளம், எது மான்கொம்பில் செய்த சிருங்கி பற்பம் என்று எப்படித் தெரியும்? இரண்டுமே வெள்ளைதான். பென்சிலால் பெயரும் தேதியும் எழுதிக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த தடவை போனபோது எழுதிக்கொண்டிருந்தார்.

வேறு குறைகளும் சொல்லிவிடுகிறேன். மூன்று படியும் செங்குத்து, பிடிக்கக் கம்பி இல்லை, முட்டு வலிக்காரர்களால் ஏற முடியாது. உட்கார ஒரே ஒரு ஸ்டூல். மத்தியானம் ஒன்றரைக்குச் சாத்தினால் நாலரைக்குத்தான் திறப்பார், வெளியூரிலிருந்து வருகிறவர்கள் நேரம் பார்த்து வர வேண்டும். ஆனித் தேரோட்டம் சமயம் அந்தச் சந்துக்குள் நுழையவே முடியாது. கேட்டால்தான் பில் போடுகிறார். கேளுங்கள்.

பற்பத்தை எதில் குழைப்பது என்பதற்கும் அவரிடம் பதில் இருந்தது. பாபநாசத்துக்கு மேலே மலைவாழ் மக்களான காணிக்காரர்கள் எடுக்கிற மலைத்தேன் ஒரு பாட்டில் கொடுத்தார், கறுத்த நிறம், லேசான கசப்பு. வீட்டு அளவையில் 100 மில்லிகிராமை எப்படி எடுப்பது என்று கேட்டபோது ஒரு குன்றிமணியை எடுத்துக் காட்டினார். பழைய கணக்கில் ஒரு குன்றிமணி 130 மில்லிகிராம். அதற்குக் கொஞ்சம் குறைவாக என்றார். எனக்குக் கண் அளவு போதவில்லை. பள்ளியில் எனக்குப் பின்னால் வந்த பெண்ணிடம் கேட்டு, ஆய்வகத் தராசில் நூறு நூறாக நிறுத்து முப்பது சின்னக் காகித மடிப்பு செய்துகொண்டேன். நூறு மில்லிகிராம் என்பது கத்தி முனையில் நிற்கிற அளவுதான். கரண்டிக் கணக்கில் அள்ளிப் போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

"ஏளா, இது என்ன, வெத்தலைக்குத் தடவுத சுண்ணாம்பு மாதிரியில்ல இருக்கு" என்றாள் அம்மா முதல் நாள். தேனில் குழைத்ததும் மறுபேச்சில்லாமல் நக்கிவிட்டாள். புளியைக் குறைக்கச் சொல்லியிருந்தார் மருத்துவர். அதில்தான் சண்டை. நாற்பது நாளும் அவளுக்குச் சொதியும் இடியாப்பமும் மாற்றி மாற்றிச் செய்து கொடுத்தேன். நாற்பதாம் நாள் "சவத்த, ஒரு நாளாச்சும் புளிக்கொழம்பு வையேன்" என்று கேட்டாள்.

இருமல் எப்படி இருக்கிறது என்றால், மூன்றாவது வாரத்திலிருந்து ராத்திரி இரண்டு மணிக்கு எழுவது நின்றது. இதைப் பவளம்தான் செய்தது என்று நான் எழுத மாட்டேன். மணப்பாகும் சூரணமும் கூடவே ஓடின, இன்ஹேலர் ஓடியது, கார்த்திகை கழிந்து மழையும் விட்டது. அம்மா தூங்கினாள், நானும் தூங்கினேன். வயிற்றுக்கு ஒன்றும் செய்யவில்லை, மலச்சிக்கல் மட்டும் ஒரு வாரம் இருந்தது. இரவில் கடுக்காய்ப் பொடி எடுக்கச் சொன்னார் மருத்துவர், சரியாகிவிட்டது.

போன வாரம் பற்பம் தீர்ந்துவிட்டது என்று மறுபடி டவுனுக்குப் போனேன். அண்ணாச்சி பழையபடி சீட்டைக் கேட்டார். வாங்கி, தேதியைப் பார்த்தார்.

"இது ஐப்பசிச் சீட்டுல்லா டீச்சர். அம்மைக்கு இப்ப எப்பிடி இருக்கு?"

"இருமல் இல்ல அண்ணாச்சி. இருந்தாலும் இன்னொரு டப்பா கையில இருக்கட்டுமேன்னு."

"இருமல் இல்லாதவங்களுக்கு எதுக்கு? வைத்தியர்ட்ட ஒருக்கக் காட்டிட்டு வாங்க. அவரு எழுதுனா தாரேன்" என்று சீட்டை மடித்து என் பக்கம் தள்ளினார். நூறு கிராம் சித்தரத்தையும் கொஞ்சம் சுக்கும் மட்டும் வாங்கிக்கொண்டு படி இறங்கினேன்.